920 மீட்டர் உயரத்தில் ஒரு மில்லிகிராம்

சென்னையில் ஒரு மின்னணு ஆய்வகத் தராசைச் சரியாக அளவுதிருத்திவிட்டு, அதை அப்படியே பெட்டியில் கட்டி ரயிலேற்றி, பெங்களூருவில் ஒரு மேசைமேல் வைத்து 100 கிராம் எடைக்கல்லை ஏற்றிப் பாருங்கள். திரையில் 100 கிராம் வராது. சுமார் 25 மில்லிகிராம் குறைவாக வரும். தராசில் பழுது ஒன்றும் இல்லை, எடைக்கல்லும் தேயவில்லை. இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 13 டிகிரி வடக்கில் இருக்கின்றன. ஆனால் சென்னை கடலோரம். பெங்களூரு கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 920 மீட்டர் மேலே. அந்த உயரத்துக்கு ஏறியதில் ஈர்ப்பு நாலாயிரத்தில் ஒரு பங்கு தளர்ந்துவிடுகிறது.

மளிகைக் கடையில் இது கணக்கிலேயே வராது. 100 கிராம் மிளகு வாங்கினால் அரை மிளகு. ஆனால் மருந்து ஆய்வகத்தில் இருக்கும் தராசு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கைப் படிக்கிறது. அதற்கு 25 மில்லிகிராம் என்பது 250 படிகள். பள்ளியில் நாம் பார்த்த இரட்டைத் தட்டு பௌதிகத் தராசுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஒரு தட்டில் பொருள், மறு தட்டில் எடைக்கல். ஈர்ப்பு தளர்ந்தால் இரண்டுக்கும் சேர்ந்தே தளரும், முள் நடுவில்தான் நிற்கும். இன்றைய மின்னணுத் தராசு பொருள் கீழே அழுத்தும் விசையை அளந்து, அதை நிறையாக மாற்றிச் சொல்கிறது. ஆகவே எந்த மேசையில் வேலை செய்யப்போகிறதோ அங்கேயே அதற்கு அளவுதிருத்தம் செய்தாக வேண்டும். விலை கூடிய தராசுகளின் வயிற்றுக்குள் ஓர் எடைக்கல்லும் அதை ஏற்றி இறக்க ஒரு சிறு மோட்டாரும் இருப்பது இதற்காகத்தான். ஊர் மாற வேண்டும் என்றுகூட இல்லை. தரைத்தளத்திலிருந்து முதல் மாடிக்கு, அதாவது மூன்று மீட்டர் மேலே கொண்டுபோனாலே 200 கிராம் எடையில் ஏறத்தாழ 0.2 மில்லிகிராம் குறையும். நல்ல பகுப்பாய்வுத் தராசின் கண்ணுக்கு அது தப்பாது.

இருந்தாலும் ஈர்ப்பு நல்ல எதிரி. ஓர் இடத்தில் அது நிலையாக நிற்கும். ஒரு முறை திருத்திக்கொண்டால் அந்தக் கணக்கு முடிந்தது. தராசை வடிவமைப்பவர்களை உண்மையில் வாட்டுவது காற்று. அது நிற்பதில்லை, ஒரே வெப்பத்தில் இருப்பதில்லை, ஒரே அடர்த்தியிலும் இருப்பதில்லை. அதனால்தான் ஆய்வகத் தராசைச் சுற்றி இருக்கும் கண்ணாடிக் கூண்டை நான் தராசின் பாதி என்றே சொல்வேன். உள்ளே இருக்கும் எடை உணரியைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறார்கள். கூண்டைப் பற்றி விற்பனைக் கையேடுகளில் நாலு வரி வந்தால் அதிகம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பகுப்பாய்வுத் தராசின் தட்டு 8 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 50 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் நேராகக் கீழ்நோக்கி வினாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் காற்று இறங்குகிறது. அவ்வளவு மெதுவான காற்று முகத்தில் பட்டால் நமக்குத் தெரியாது. ஊதுபத்திப் புகை வளைவதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். அந்தக் காற்று தட்டை அழுத்தும் விசை ஏறக்குறைய 2.7 மில்லிகிராம் எடைக்குச் சமம். 0.1 மில்லிகிராம் படிக்கும் தராசில் அது 27 படிகள். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், வேகம் இரட்டித்தால் பிழை நான்கு மடங்காகும். மின்விசிறிக்குக் கீழே திறந்த தட்டில் கடைசி மூன்று இலக்கங்கள் ஓயாமல் ஓடுவது ஏன் என்று இப்போது புரியும். பெங்களூரு நகரத்பேட்டையின் நகைப் பட்டறைகளிலும் நம் ஊர் நகைக்கடைகளிலும் தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பது இதே காரணத்துக்காகத்தான்.

இந்தக் காற்றுத் தொல்லையை முழுதாகப் புரிந்துகொண்டு ஒரு சோதனையை வடிவமைத்தவர்களில் ஹென்றி கேவண்டிஷ் முக்கியமானவர். 1798-இல் பூமியின் அடர்த்தியைக் கணக்கிட, ஈயக் குண்டுகளுக்கு இடையே உள்ள மிக நுண்ணிய ஈர்ப்பை அவர் ஒரு முறுக்குத் தராசில் அளந்தார். ஆள் பக்கத்தில் போனாலே உடல்சூட்டில் காற்று கிளம்பி கோலை நகர்த்திவிடும் என்பதால், கருவியை ஓர் அறையில் வைத்துப் பூட்டி, வெளியே நின்று தொலைநோக்கி வழியாக அளவைப் படித்தார். குண்டுகளை நகர்த்தும் கயிறுகளும் வெளியே வந்திருந்தன. முழு அறையே கூண்டு, மனிதர் வெளியே. இன்றைய தானியங்கித் தராசுகளில் கதவைத் திறக்க மோட்டார், தூளைக் கொட்ட இயந்திரக் கை என்று வருவதெல்லாம் இந்த ஒரு யோசனையின் தொடர்ச்சிதான்: அளக்கும் மனிதரை முடிந்தவரை தள்ளி நிறுத்துவது.

கூண்டு வெளிக்காற்றைத் தடுத்துவிடும். ஆனால் உள்ளே ஒரு புதிய தொல்லையை அதுவே உண்டாக்கும். அறை 24 டிகிரி, நம் கை அதைவிடச் சூடு. கையை உள்ளே விட்டுக் குடுவையை வைத்துவிட்டு எடுப்பதற்குள் கூண்டின் காற்றில் ஒரு சுழல் கிளம்பிவிடுகிறது. குடுவையே அறையைவிடச் சூடாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதன் பக்கங்களைத் தொட்ட காற்று சூடேறி மேலே எழும். எழும்போது குடுவையையும் சற்று மேலே இழுக்கும். எடை குறைவாகத் தெரியும். குளிர்ந்த குடுவையில் காற்று கீழே வழியும். எடை கூடுதலாகத் தெரியும். உலையிலிருந்து எடுத்த மூசையை டெசிக்கேட்டரில் வைத்து ஆறவிட்ட பிறகே எடை பார்க்க வேண்டும் என்று வேதியியல் ஆசிரியர்கள் வற்புறுத்துவதற்கு ஈரம் ஒரு காரணம், இது இன்னொரு காரணம். எண் ஒரே திசையில் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால், தராசைக் குறை சொல்லும் முன் குடுவையைத் தொட்டுப் பார்ப்பது நல்லது.

ஆகவே கூண்டு எவ்வளவு சிறியதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது: காற்று குறைவு, சுழலும் குறைவு, அடங்கும் நேரமும் குறைவு. ஆனால் சிறிய கூண்டுக்குள் 100 மில்லிலிட்டர் அளவுக் குடுவை நுழையாது. கையும் இடுக்கியும் புழங்க இடம் வேண்டும். இந்த இழுபறியில்தான் ஒவ்வொரு தராசின் வடிவமும் தீர்மானமாகிறது. மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் படிக்கும் நுண்தராசுகளில் எடை அறை உள்ளங்கையில் அடங்கும் ஒரு கண்ணாடி உருளை. சிலவற்றில் பெரிய கூண்டுக்குள் இன்னொரு சிறு கூண்டு. பகுப்பாய்வுத் தராசுகளில் உயரமான சதுரக் கூண்டு, இரண்டு பக்கமும் மேலேயும் சறுக்குக் கதவுகள். சறுக்குக் கதவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கீல் வைத்த கதவு திறந்து மூடும்போதெல்லாம் துருத்தியைப் போலக் காற்றை உள்ளே தள்ளும். சறுக்கும் கதவு தன் தளத்திலேயே நகர்வதால் காற்றைக் கலைப்பது குறைவு. மேல் கதவு பிப்பெட்டிலிருந்து நேராகச் சொட்டுவதற்கு. சில தராசுகளில் இடப்பக்கக் கைப்பிடியை இழுத்தால் வலப்பக்கக் கதவு திறக்கும்படி இணைப்பு வைத்திருப்பார்கள்; இடது கை கதவைத் திறக்க, வலது கை குறுக்கே போகாமல் நேராக உள்ளே போகும். இதைப் போன்ற சிறு ஏற்பாடுகளில்தான் ஒரு வடிவமைப்பாளர் ஆய்வகத்தில் உட்கார்ந்து கவனித்தாரா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

வெப்பம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. மின்சுற்றும் திரையும்கூடச் சூட்டைக் கக்கும். அதனால் மின்மாற்றி தனியாகக் கம்பியின் மறுமுனைக்குப் போய்விட்டது. உயர்வகைத் தராசுகளில் திரை தனி அலகாகவே பிரிந்துவிட்டது. எடை உணரி கூண்டுக்குப் பின்னால் ஒரு தடுப்புக்கு அப்பால் இருக்கும். தட்டு என்பதே சிலவற்றில் காணாமல் போய், கம்பி வலையாகிவிட்டது. வலையின் இடுக்குகளில் காற்று நழுவிப் போய்விடுவதால் அது தள்ளும் விசை குறைகிறது. சிந்திய தூளும் கீழே இருக்கும் தனித் தட்டில் விழுகிறது.

இங்கே நம் கல்லூரி ஆய்வகங்களில் இன்னும் தொடரும் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கூண்டுக்குள் ஒரு சிறு கிண்ணத்தில் சிலிக்கா ஜெல் வைப்பார்கள். எஃகுக் கத்தி முனைகளும் பித்தளைத் தட்டுகளும் இருந்த பழைய தராசைத் துருவிலிருந்து காக்க அது தேவைப்பட்டிருக்கலாம். இன்றைய தராசில் அது தீங்குதான். கதவைத் திறந்ததும் அறையின் ஈரக்காற்று உள்ளே வரும், மூடியதும் ஜெல் அதை உறிஞ்சத் தொடங்கும். கண்ணாடிக் குடுவையின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் நீர்ப்படலம் ஒவ்வொரு முறையும் கூடிக் குறையும். எண் நிலைக்கு வராது. கூண்டுக்குள் இருக்கும் காற்றும் அறைக் காற்றும் ஒன்றுபோல இருப்பதே நல்லது.

காற்று அசையாமல், ஒரே வெப்பத்தில் நின்றுவிட்டால் போதுமா என்றால், இல்லை. அசையாத காற்றும் பொருளை மேலே தூக்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆர்க்கிமிடீஸ் தண்ணீருக்குச் சொன்னது காற்றுக்கும் பொருந்தும். பெங்களூருவில் காற்றழுத்தம் சுமார் 910 ஹெக்டோபாஸ்கல்தான். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.06 கிலோகிராம். கடலோரத்தில் அதே வெப்பத்தில் 1.17 கிலோகிராம் வரை இருக்கும். உலகச் சட்ட அளவியல் விதிகள் எடைக்கற்களுக்குப் பொதுவாக வைத்திருக்கும் காற்றின் அடர்த்தி 1.2 கிலோகிராம், எடைக்கல்லின் அடர்த்தி கன மீட்டருக்கு 8,000 கிலோகிராம். இந்தப் பொதுக்காற்றில் 100 கிராம் தண்ணீரை எடைபோட்டால் 105 மில்லிகிராம் குறைவாகக் காட்டும், ஏனென்றால் தண்ணீர் எஃகைவிட எட்டு மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு அவ்வளவு கூடுதலாகத் தூக்கப்படுகிறது. பெங்களூருவின் மெல்லிய காற்றில் அந்தக் குறைவு 93 மில்லிகிராம்தான். கண்ணாடி அளவுக் குடுவைகளையும் பிப்பெட்டுகளையும் தண்ணீரை எடைபோட்டுத்தான் சரிபார்க்கிறார்கள். கடல்மட்டத்துக்கான அட்டவணையை அப்படியே பெங்களூருவில் பயன்படுத்தினால் 100 மில்லிலிட்டருக்கு 12 மில்லிகிராம் பிழை. முதல்தரக் குடுவைக்கு அனுமதித்த பிழையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இதிலேயே போய்விடும். எடைக்கற்களின் அடர்த்திக்கு விதிகள் வைத்திருக்கும் எல்லையும், காற்று 1.2-லிருந்து 10 விழுக்காடு வரை விலகலாம் என்ற கணக்கில் அமைந்ததுதான். பெங்களூரு அதைத் தாண்டி 11, 12 விழுக்காட்டில் நிற்கிறது. மேல்வகுப்பு எடைக்கற்களை இந்த ஊரில் ஒப்பிடுபவர்கள் அழுத்தம், வெப்பம், ஈரப்பதம் மூன்றையும் அளந்து, கல்லின் அடர்த்தியையும் சேர்த்துக் கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

காற்றின் இந்தத் தூக்கலோடு மல்லுக்கட்டிய ஒரு பெரிய கதைக்கும் பெங்களூருவுக்கும் தொடர்பு இருக்கிறது. 1890-களில் இங்கிலாந்தில் ரேலே பிரபு நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். ஏறக்குறைய 1.8 லிட்டர் கொள்ளும் ஒரு கண்ணாடிக் கோளத்தில் வாயுவை நிரப்பி எடைபோடுவது அவர் முறை. அவ்வளவு பெரிய கோளத்தை அறைக்காற்று இரண்டு கிராமுக்கு மேல் தூக்கும். வானிலை மாறினால் அந்தத் தூக்கலும் மாறும். அதனால் மறு தட்டில் அதே பருமனுள்ள இன்னொரு மூடிய கோளத்தைத் தொங்கவிட்டார். காற்று இரண்டையும் ஒன்றாகத் தூக்க, வித்தியாசம் மட்டும் மிஞ்சும். வெற்றிடமாக்கிய கோளம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் மயிரிழை சுருங்குவதால் ஏற்படும் பிழையைக்கூட அவர் அளந்து கழித்தார். இத்தனை கவனத்துக்குப் பிறகு ஒரு முரண்பாடு எஞ்சி நின்றது. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் 2.310 கிராம், வேதிச் சேர்மங்களிலிருந்து தயாரித்த நைட்ரஜன் 2.299 கிராம். 11 மில்லிகிராம் வித்தியாசம். தராசின் பிழை என்று ஒதுக்கிவிட அவருக்கு மனம் வரவில்லை. அந்த 11 மில்லிகிராமுக்குள் ஒளிந்திருந்தது ஆர்கான். 1894-இல் ரேலேயும் வில்லியம் ராம்சேயும் அதை அறிவித்தார்கள். 1904-இல் ரேலேவுக்கு இயற்பியலிலும் ராம்சேவுக்கு வேதியியலிலும் நோபல் பரிசு கிடைத்தது.

ராம்சேயோடு சேர்ந்து 1898-இல் கிரிப்டான், நியான், செனான் மூன்றையும் கண்டுபிடித்தவர் மோரிஸ் டிராவர்ஸ். பெங்களூருவில் 1909-இல் தோன்றிய இந்திய அறிவியல் நிறுவனத்தின் முதல் இயக்குநர் அவர்தான். நியானின் அடர்த்தியை அளந்து அதன் அணு எடை 20.2 என்று 1910-இல் வெளியிட்ட ஹெச். இ. வாட்சனும் அதே நிறுவனத்துக்குப் பேராசிரியராக வந்தார். அந்த 20.2 முழு எண்ணாக ஏன் இல்லை என்ற கேள்வியைக் கேம்பிரிட்ஜில் பிரான்சிஸ் ஆஸ்டன் தொடர்ந்தார். அவர் செய்த நுண்தராசை நான் மூடிய தராசுகளின் உச்சம் என்பேன். குவார்ட்ஸ் இழையால் ஆன கோல், ஒரு முனையில் மூடிய சிறு குமிழ், முழுவதும் காற்றுப்புகாத அறைக்குள். அறைக்குள் வாயுவை மெல்ல விட்டால் குமிழ் தூக்கப்படும். எந்த அழுத்தத்தில் கோல் சமநிலைக்கு வருகிறதோ அதிலிருந்து வாயுவின் அடர்த்தி தெரிந்துவிடும். மற்றவர்கள் பிழை என்று கழித்துக்கொண்டிருந்த தூக்கலையே அவர் அளவுகோலாக்கினார். நியானைப் பலமுறை நுண்துளைக் களிமண் வழியே கசியவிட்டு, 20.15 என்றும் 20.28 என்றும் எடையுள்ள இரண்டு பகுதிகளாக 1913-இல் பிரித்துக் காட்டினார். கதிரியக்கம் இல்லாத ஒரு தனிமத்துக்கும் ஐசோடோப்புகள் உண்டு என்பதற்கு அது முதல் குறிப்புகளில் ஒன்று.

கோலாரையும் இங்கே சேர்க்க வேண்டும். பெங்களூருவிலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தங்கவயலில், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கினார்கள். எந்தத் திசையில் தோண்டுவது என்று தங்கச் சுரங்கங்களில் முடிவு சொன்னது ஆய்வறைத் தராசு. டன்னுக்கு 5 கிராம் தங்கம் உள்ள பாறையில் 30 கிராம் எடுத்து உருக்கிப் புடமிட்டால் கிடைப்பது 0.15 மில்லிகிராம் பொன்மணி. அதை எடைபோட்ட தராசில் மூச்சுக்காற்று பட்டிருந்தால் நல்ல பாறையும் வெறும் பாறையும் இடம் மாறியிருக்கும். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் கையேற்ற அந்த வயல் 2001-இல் மூடப்பட்டது.

இனி கூண்டுக்குப் பின்னால் இருக்கும் எந்திரத்துக்கு வருவோம். 1946-இல் ஸ்விட்சர்லாந்தில் எர்ஹார்ட் மெட்லர் ஒற்றைத் தட்டுத் தராசைக் கொண்டுவந்தார். பொருளை ஏற்றும்போது அதே பக்கத்தில் தொங்கும் எடைகளை எடுத்துவிடுவது அதன் முறை. கோலின்மேல் சுமை எப்போதும் ஒன்றாகவே இருப்பதால் நுணுக்கமும் மாறாது. இரட்டைத் தட்டில் பல நிமிடங்கள் பிடித்த வேலை ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. இப்போது இருப்பது அடுத்த தலைமுறை. ஒலிபெருக்கியில் இருப்பதைப் போன்றே ஒரு நிலைக்காந்தம், அதன் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள். தட்டில் ஏறும் சுமையை ஒரு நெம்புகோல் குறைத்து அந்தச் சுருளுக்குக் கொடுக்கிறது. நெம்புகோலின் முனையில் ஒரு பிளவு. ஒரு பக்கம் சிறு விளக்கு, மறுபக்கம் இரண்டு ஒளி உணரிகள். முனை இம்மியளவு இறங்கினாலும் ஓர் உணரியில் ஒளி கூடி மற்றதில் குறையும். உடனே சுற்று, சுருளில் மின்னோட்டத்தைக் கூட்டி முனையைப் பழைய இடத்துக்கே தூக்கி நிறுத்தும். அதற்கு எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டதோ, அதுதான் எடை. கத்தி முனைகள் போய்விட்டன. நெம்புகோலும் இணைப்புகளும் ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து வெட்டி எடுக்கப்படுகின்றன. மடங்கும் இடங்களின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே. 220 கிராம் வரை 0.1 மில்லிகிராம் படிக்கும் சாதாரணப் பகுப்பாய்வுத் தராசு, தன் அளவெல்லையை 22 லட்சம் படிகளாகப் பிரிக்கிறது. இதே சுருள், காந்த அமைப்பின் உச்ச வடிவம்தான் பிரயன் கிப்பிள் உருவாக்கிய தராசு. பிளாங்க் மாறிலியிலிருந்து கிலோகிராமை வரையறுக்கும் முறை 2019 மே 20 முதல் நடைமுறைக்கு வந்ததற்கு அது ஒரு தூண். அந்தத் தராசு வெற்றிடத்தில் இயங்குகிறது. காற்றோடு சமாதானம் பேசாமல் அதை வெளியேற்றியேவிட்டார்கள்.

காந்தத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. தராசுகளில் பயன்படும் சமாரியம்-கோபால்ட் காந்தங்கள் ஒரு டிகிரி சூடானால் பத்தாயிரத்தில் மூன்று பங்கு அளவுக்கு வலுவிழக்கும். திருத்தம் எதுவும் செய்யாவிட்டால் 200 கிராமில் 60 மில்லிகிராம் பிழை. வெப்ப உணரியை வைத்து இதை மின்னணுவியல் ஈடுகட்டுகிறது. ஆனால் தராசின் உள்பாகம் முழுவதும் ஒரே வெப்பத்துக்கு வந்து நிலைத்த பிறகுதான் அந்த ஈடு சரியாக வேலை செய்யும். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். மின்சாரம் மிச்சம் என்று இரவில் சுவிட்சை அணைத்து, காலையில் போட்ட கையோடு எடை பார்க்கும் வழக்கம் பல கல்லூரிகளில் இருக்கிறது. இரவும் பகலும் மின்னிணைப்பில் இருக்க வேண்டிய கருவி அது.

நிலைமின்னூட்டம் இன்னொரு கண்ணுக்குத் தெரியாத கை. பெங்களூருவில் பிப்ரவரி, மார்ச் மாதப் பிற்பகல்களில் காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிடும். அப்போது துணியால் துடைத்த பிளாஸ்டிக் குப்பியைத் தட்டில் வைத்தால், குப்பியின் மின்னூட்டம் கூண்டின் சுவர்களை இழுக்கும் அல்லது தள்ளும். எடை பல மில்லிகிராம் தவறாக வந்து, மின்னூட்டம் கசியக் கசிய மெல்ல நகரும். காற்றைத் தடுக்க வைத்த கண்ணாடியே இங்கே சிக்கலில் பங்குதாரர். அதனால் நல்ல கூண்டுகளின் கண்ணாடியில் மின்கடத்தும் ஒளிபுகு பூச்சு பூசித் தரையிணைப்புக் கொடுக்கிறார்கள். சிலவற்றில் வாசலிலேயே அயனியாக்கி இருக்கும். குப்பி உள்ளே போகும்போதே மின்னூட்டம் நடுநிலையாகிவிடும். விலை குறைந்த தராசுகளில் அக்ரிலிக் கூண்டு வரும். பெங்களூரு, கோயம்புத்தூர் போன்ற உலர்ந்த ஊர்களுக்கு அதை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

இதுவரை சொன்னதெல்லாம் எடையைக் காக்கும் கூண்டு. எடைபோடும் மனிதரைக் காக்கும் கூண்டும் உண்டு. அங்கேதான் வடிவமைப்பு உண்மையிலேயே கடினமாகிறது. பெங்களூரு மருந்து ஆராய்ச்சி நகரம். 1978-இல் பயோகான் நிறுவனம் தொடங்கியது. 1993-இல் சின்ஜீன் வந்தது. சுற்றிலும் எத்தனையோ ஒப்பந்த ஆய்வகங்கள். புற்றுநோய் மருந்துகளில் சில, ஒரு கன மீட்டர் காற்றில் 10 மைக்ரோகிராம் கலந்தாலே அங்கு வேலை செய்பவருக்குத் தீங்கு செய்யும். அந்தத் தூளை எடைபோடுபவரின் மூக்குக்குப் போகாமல் தடுக்க, காற்று அவரிடமிருந்து தராசை நோக்கி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தராசுக்கோ காற்று அசையவே கூடாது. பாதுகாப்புக் கூண்டின் முகப்பில் காற்று வினாடிக்கு 0.3 முதல் 0.4 மீட்டர் வேகத்தில் நுழைகிறது. முன்பு போட்ட கணக்கின்படி 0.4 மீட்டர் வேகம் திறந்த தட்டில் நேராக இறங்கினால் 43 மில்லிகிராம் பிழை.

இந்த இரண்டையும் ஒரே பெட்டிக்குள் சேர்த்துவைக்க வழி கண்டிருக்கிறார்கள். முகப்பின் விளிம்புகளை விமான இறக்கையின் முன்விளிம்பைப் போல வளைத்துவிட்டால், காற்று கிழிபடாமல் சீராக உள்ளே வழுக்கும்; சுழல் இருக்காது. பின்சுவரில் வரிசையான துளைகள் உள்ள தடுப்பு, அதை மேலிருந்து கீழ்வரை சமமாக இழுக்கும். இழுக்கும் விசிறியைப் பெட்டியின்மேல் நேராகப் பொருத்தாமல் விலக்கி, நெகிழும் குழாயால் இணைப்பார்கள். இல்லாவிட்டால் அதன் நடுக்கம் தராசுக்கு வந்துசேரும். 0.3 மைக்ரோமீட்டர் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் வடிகட்டி வழியாகவே காற்று வெளியேறும். நடுவில் கனமான கல் பலகை, அதன்மேல் தன் சொந்தக் கண்ணாடிக் கூண்டோடு தராசு. வெளிக்கூண்டு மனிதருக்கு, உள்கூண்டு எடைக்கு. புகைவிட்டுப் பார்த்து, ஓட்டம் எங்கேயாவது திரும்புகிறதா என்று சோதித்த பிறகே வேலை தொடங்கும். அமெரிக்க மருந்தியல் நூலின் 41-ஆம் அத்தியாயப்படி, 0.1 மில்லிகிராம் படிக்கும் தராசு எவ்வளவுதான் அடங்கி நின்றாலும் அதில் 82 மில்லிகிராமுக்குக் குறைவாக எடைபோடக் கூடாது, 0.01 மில்லிகிராம் படிக்கும் தராசுக்கு அந்த எல்லை 8.2 மில்லிகிராம். பாதுகாப்புக் கூண்டின் காற்றோட்டம் எண்ணைச் சற்று அதிகம் ஆட்டினால்கூட அந்த எல்லை மேலே போய்விடும். விலைமதிப்பற்ற மூலப்பொருளைத் தேவைக்கு மேல் அள்ள வேண்டியதாகும்.

லித்தியம் மின்கல ஆய்வு செய்பவர்கள் இன்னொரு படி மேலே போகிறார்கள். ஈரம் பட்டால் கெடும் பொருள்கள் என்பதால் தராசு முழுவதையும் ஆர்கான் நிரம்பிய கையுறைப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். ஆர்கான் காற்றைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு அடர்த்தியானது, ஆகவே தூக்கலும் அவ்வளவு அதிகம். கையுறைக்குள் கையை நுழைத்தால் பெட்டியின் அழுத்தம் ஏறும், எண் குதிக்கும். எடை பார்க்கும் அந்த நேரத்துக்குச் சுழற்சி விசிறியை நிறுத்திவைப்பார்கள். எடையில் வந்த வித்தியாசத்தால் உலகுக்குத் தெரியவந்த வாயுவுக்குள் இருந்துகொண்டு இப்போது எடை பார்க்கிறார்கள்.

இந்த எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மேசை வேண்டும். கல் மேசை. பலகையைத் தாங்கும் கால்களும் நாம் முழங்கை ஊன்றும் சட்டமும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக நிற்க வேண்டும். சாமராஜநகரின் கறுப்புக்கல் உலகமெங்கும் போகிறது. பெங்களூருவிலோ தமிழ்நாட்டிலோ இருக்கும் ஒரு கல்லூரிக்கு நல்ல பலகை கிடைப்பதில் சிரமம் இருக்காது. தராசுகளும் சேவையும்கூட அருகிலேயே இருக்கின்றன. ஜெர்மனியின் சார்ட்டோரியஸ் நிறுவனத்துக்கு நெலமங்களா அருகே வளாகம் உண்டு. மத்திய அரசின் வட்டாரக் குறிப்புத்தர ஆய்வகங்களில் ஒன்று பெங்களூருவில் இருக்கிறது. அங்கிருந்து எடைக்கல் ஒப்பீட்டுச் சங்கிலி தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் உள்ள 57-ஆம் எண் கிலோகிராம் கல் வரை போகிறது.

கல்லூரிகளிலும் சிறு நிறுவனங்களிலும் தராசு வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான்காம் தசமத்திலிருந்து ஐந்தாம் தசமத்துக்குப் போகப் பணம் ஒதுக்கும் முன், இருக்கும் தராசை மின்விசிறியிலிருந்தும் ஏசி வாயிலிருந்தும் வெயில் விழும் சன்னலிலிருந்தும் விலக்கி, தரைத்தளத்தின் ஒரு மூலையில், கல் மேசையில் வையுங்கள். இரவில் மின்சாரத்தை அணைக்காதீர்கள். கூண்டுக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல்லை எடுத்துவிடுங்கள். கதவை மூடி, ஒரே எடைக்கல்லைப் பத்து முறை ஏற்றி இறக்கி, பத்து எண்களையும் குறித்துப் பாருங்கள். கடைசி இலக்கம் ஓடிக்கொண்டே இருந்தால், அடுத்த தசமத்துக்குக் கொடுக்கும் பணம் வீண்.